ஏழாவது சதுரம்

போன வாரம் லேத்காரரைப் பாசிமணித் தட்டின் முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்தோம். மனிதர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார். இன்றோடு எட்டு நாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. இவர் லேத் பட்டறையில் நாற்பது வருஷம் இரும்பைக் கடைந்து ஓய்வு பெற்றவர். மனைவி வீட்டில் உட்கார்ந்தபடியே பாசிமணி கோத்து மாலை, காதணி, கைவளை என்று செய்து கொடுப்பவள். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை, பாத்திரம் கழுவுகிற இடத்தில் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். வலது கை போயிற்று. வலது கால் பாதி திரும்பி வந்தது. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்.

"இருங்க."

கை ஓடிக்கொண்டிருந்த காலத்தில், யார் கூப்பிட்டாலும் தலை நிமிராமல் அவள் சொல்கிற சொல் அது. 'இருங்க, இந்த வரி முடியட்டும்.' இப்போது பசிக்கிறதா என்று கேட்டாலும் "இருங்க". வலிக்கிறதா என்று கேட்டாலும் "இருங்க". பெற்ற மகளுக்கும் மரியாதை குறையாமல் "இருங்க"தான். முதலில் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

காலை எட்டு மணிக்குப் போன் அடித்தது. மகள்.

வெளியூர் ஆஸ்பத்திரியில் பக்கவாத வார்டில் நர்ஸ் அவள். முப்பது வயதாகிறது. இருபது நோயாளிகளை ஒரே அதட்டலில் மாத்திரை விழுங்க வைப்பாள் என்று கேள்வி. இந்த வீட்டில் மட்டும் இன்னும் பாப்பா.

"அப்பா, சாயங்காலம் அஞ்சரை வண்டிக்கு வந்து இறங்கறேன்."

"வாம்மா, வா. அம்மா நல்லா இருக்கா."

"அத நான் வந்து பாத்துக்கறேன். அப்பா, உங்ககிட்ட நான் எதையும் மறைக்கல. நீங்க தனியா சமாளிக்கிறீங்கன்னு எனக்குத் தோணிச்சுன்னா அம்மா அங்கயே இருக்கட்டும். இல்லன்னா நாளைக்கு என்கூடக் கூட்டிட்டுப் போயிடறேன். ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன்."

"ரெண்டா?"

"என் ரூம்ல மூணாவது ஆள் படுக்க இடம் இல்லப்பா. உங்களுக்கே தெரியும்."

லேத்காரர் சுவரைப் பார்த்தார். சுவரில் ஒன்றும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க," என்றாள் பாப்பா. "அம்மா என்ன கேக்கறாங்கன்னு உங்களுக்குப் புரியுதா?"

"புரியுதும்மா. எல்லாம் புரியுது."

பச்சைப் பொய். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி, அதே நேரத்தில், இடது கையால் மணிப் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். தினமும் இப்படித்தான். தட்டுவாள், அவரைப் பார்ப்பாள், மறுபடி தட்டுவாள். தண்ணீர் கொடுத்தால் இல்லை. மருந்து கொடுத்தால் இல்லை. பெட்டியைத் திறந்து காட்டினால் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். என்னதான் வேண்டும் இவளுக்கு?

பாதியில் நிற்கிற மாலையை முடிக்கச் சொல்கிறாள். எட்டு நாளைக்கு முன்னால் லேத்காரர் எடுத்த முடிவு அது. வேறு என்னவாக இருக்க முடியும்? பாப்பாவுக்கென்று ஆரம்பித்த மாலை. கரும்பச்சை நிறத்தில் ஏழு சதுரங்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு மஞ்சள் புள்ளி. ஆறு சதுரம் முடிந்துவிட்டது. ஏழாவது பாதியில், ஊசியோடு, அவள் விழுந்த நாளிலிருந்து டப்பாவில் கிடந்தது.

அதை முடித்து இன்றைக்குச் சாயங்காலம் பாப்பாவின் கழுத்தில் போட்டுவிட்டால் போதும். 'பாரு, உங்கம்மா மனசுல இருக்கறத நான் செஞ்சு காட்டிட்டேன்' என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். மனைவி இங்கேயே இருப்பாள். இவ்வளவுதான் அவர் போட்ட திட்டம்.

திட்டம் நல்ல திட்டம்தான். கை ஒத்துழைக்க வேண்டாமா?

அவர் விரல்கள் தடித்தவை. நகக்கண்ணில் நாற்பது வருஷத்து எண்ணெய்க் கறை. ஊசியோ தலைமுடி கனம்தான். மணி ஒவ்வொன்றும் கடுகைவிடச் சின்னது. மூச்சை வேகமாக விட்டால் தட்டிலிருந்து ஓடிப்போகும்.

அந்தப் பின்னல் அவளுக்கே புதிது. பல வருஷமாக ஏணி மாதிரி ஒரு பின்னல், வலை மாதிரி ஒரு பின்னல் என்று இரண்டையே போட்டுக்கொண்டிருந்தவள். பாப்பா படம் போட்ட புத்தகம் ஒன்றை அனுப்பி வைத்தாலும் வைத்தாள், அன்றிலிருந்து ஒரு வெறி. செங்கல் சுவர் மாதிரி ஒன்று, மீன்முள் மாதிரி ஒன்று, நாலு மணியைச் சதுரமாகக் கட்டுகிற ஒன்று. ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு மாதிரி போட்டு, நோட்டில் தைத்து, பக்கத்தில் தானே ஒரு பெயர் எழுதி வைப்பாள். இந்த மாலைக்கு எடுத்த பின்னலுக்கு அவள் வைத்த பெயர் 'ஒண்ணுவிட்ட பின்னல்'.

ஊசியில் ஒரு மணி எடுக்க வேண்டும். கீழே இருக்கிற ஒரு மணியை விட்டுவிட வேண்டும். அதற்கடுத்த மணிக்குள் நுழைய வேண்டும். மறுபடி ஒன்றை எடு, ஒன்றை விடு, ஒன்றில் நுழை. கேட்க எவ்வளவு சுலபம்!

"ஒண்ணுவிட்ட சித்தப்பாவையே எனக்கு அடையாளம் தெரியாது," என்று முதல் நாள் மனைவியிடம் சொன்னார். "இதுல ஒண்ணுவிட்ட பின்னல் வேற."

அவள் உதட்டின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அந்தப் பாதிச் சிரிப்புக்காகவே அவர் எட்டு நாள் உட்கார்ந்தார் என்றும் சொல்லலாம்.

போட்டார், பிரித்தார். போட்டார், பிரித்தார். நூல் சிக்கிக்கொண்டது. ஓரத்தில் திரும்பும்போது ஒரு மணி விட்டுப்போயிற்று. இரண்டு ஊசி வளைந்தது, ஒன்று முறிந்தது. இதில் எங்கே அவள் விட்டாள், எங்கே இவர் தொடங்கினார் என்கிற அடையாளமே முதல் நாளோடு அழிந்துபோயிற்று. வேலை தொடங்கும் முன் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைத்திருக்க வேண்டாமோ? பட்டறையில் சாக்பீஸால் கோடு போடாமல் ஒரு கம்பியைத் தொடாத மனிதர். வீட்டு வேலை என்றால் எல்லாம் மறந்துவிடும்போல.

இன்று காலை போனை வைத்ததும் வெர்னியரை எடுத்தார். அதாங்க, இரும்புத் துண்டின் கனத்தை அளக்கிற அளவுகோல். ஆறு சதுரங்களையும் அளந்தார். ஒவ்வொன்றும் பதினெட்டு மில்லி அகலம். எங்கே வைத்தாலும் பதினெட்டு. "பலே," என்றார். அவர் பட்டறையில் இப்படி வேலை செய்கிற ஆள் இரண்டு பேர்கூட இல்லை.

ஏழாவதை அளந்தார். அடியில் பதினெட்டு. மேலே போகப்போக பதினேழரை, பதினெட்டேகால், பதினேழு. ஓரம் நெளிந்து, துண்டே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தது.

"என் லட்சணம்," என்றார்.

நோட்டைப் புரட்டினார். ஏழாவது சதுரம் என்று எழுதிய பக்கத்தில், மூலையில், வட்டத்துக்குள் இருபது என்று இருந்தது. அப்படியானால் அவள் போட்டு வைத்தது இருபது வரி. லேத்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, திருகாணியில் மரை எண்ணுவதுபோல அடியிலிருந்து ஒவ்வொரு வரியாக எண்ணினார். இருபது வரி வரைக்கும் அச்சடித்த மாதிரி நேராக இருந்தது. அதற்கு மேல் கொஞ்சம் தள்ளி ஆரம்பித்தது கோணல்.

சந்தேகமே இல்லை. நேராக இருப்பது அவள், கோணலாக இருப்பது நான். எல்லாக் கோணலையும் பிரித்துவிட்டு, இருபதாவது வரியிலிருந்து சுத்தமாகப் போட வேண்டியதுதான்.

பிரிக்க ஆரம்பித்தார். ஊசிமுனையால் நூலை நெம்பி ஒவ்வொரு மணியாகக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டார். கொஞ்ச நேரம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு பச்சைக்கு நடுவே ஒரு கறுப்பு மணி வந்தது. அப்புறம் இன்னொன்று. ஆகமொத்தம் நாலு.

"கறுப்பு எங்கேருந்துடா வந்தது? அந்த டப்பாவ நான் தொடவே இல்லையே," என்று முணுமுணுத்தார். பச்சை டப்பாவில் கலந்திருக்கும். கரும்பச்சைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாத கபோதி ஆகிவிட்டோமே என்று தன்னையே வைதுகொண்டு, கறுப்பைக் கழற்றித் தனியாக ஒரு மூடியில் போட்டார்.

"இருங்க."

ஜன்னல் பக்கத்திலிருந்து. அவர் நிமிரவில்லை.

"இருங்க! இருங்க!"

நாற்காலிக் கையில் இடது கை படபடவென்று அடித்தது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

"என்னம்மா? பசிக்குதா? இதோ ஆச்சு. நான் போட்ட கோணலத்தான் பிரிக்கறேன், உன்னுதத் தொடமாட்டேன். பயப்படாத."

"இருங்க! இருங்க! இருங்க!"

லேத்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த நாலு மாதத்தில் அந்தச் சொல்லை ஆயிரம் தடவை கேட்டாயிற்று. எழுந்துபோய்த் தலையைத் தடவினார், தண்ணீர் கொடுத்தார். அவள் தண்ணீரைத் தட்டிவிட்டாள். தரையைத் துடைத்தார். ரேடியோவில் பாட்டு வைத்தால் கொஞ்சம் அடங்குவாள். வைத்தார். சத்தத்தையும் கொஞ்சம் கூட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்து பிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் அடி நின்றுவிட்டது. பாட்டு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்திருந்தால், அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்பார்.

மதியம் ஊட்டிவிட்டார். பாதிதான் இறங்கியது.

நாலு மணிக்கு மணிக்கடைக்காரம்மா வந்தாள். அடுத்த தெருவில் நூலும் மணியும் கொக்கியும் விற்கிறவள். மாலையின் முனைக்குக் கொக்கி கேட்டிருந்தார். வேறு யாராவதாக இருந்தால் கடைக்கு வரச் சொல்லியிருப்பாள். அக்காவுக்கு என்பதால் தானே கொண்டுவந்தாள்.

"எப்படி இருக்கீங்கக்கா? கலரா ஆயிட்டீங்களே!" என்று கன்னத்தைத் தொட்டாள். அக்கா அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துத் தட்டின் பக்கம் இழுத்தாள்.

"என்னக்கா, என் மணியக் காட்டறீங்களா?"

"அதான் வேலை நடக்குதும்மா," என்றார் லேத்காரர். "எட்டு நாளா ஒரே கோணல். நான் போட்டத எல்லாம் பிரிச்சுட்டு அவ விட்ட இடத்துக்குப் போயிட்டிருக்கேன். இன்னும் பன்னண்டு வரி பிரிக்கணும்."

அவள் துண்டைக் கையில் எடுத்தாள். வெளிச்சத்தில் காட்டித் திருப்பினாள்.

"எந்த இடத்துக்கு?"

"இருபதுக்கு. நோட்ல எழுதி வெச்சிருக்கா பாரு. இப்ப முப்பத்திரண்டு இருக்கு."

"எப்படி எண்ணினீங்க?"

"எப்படின்னா? ஒவ்வொரு வரியாத்தான்."

"ஐயோ அண்ணே." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இதுல அப்படி எண்ணக்கூடாது. ஒரு மணி மேல, ஒரு மணி கீழன்னு இல்ல உக்காந்திருக்கு? நாங்கல்லாம் ஓரத்து மணிய மட்டும்தான் எண்ணுவோம். ஓரத்துல ஒண்ணுன்னா உள்ள ரெண்டு வரி. அக்காவோட இருபதுன்னா உங்க கணக்குல நாப்பது."

"நாப்பதா?"

"பாருங்க." நகத்தால் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "பதினாறு இருக்கு. அப்ப அக்கா போட்டதுலயே நாலு போயிடுச்சு. நீங்க போட்டது இதுல ஒண்ணுமே மிச்சம் இல்லண்ணே. இருக்கறது பூரா அக்காதான்."

லேத்காரருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்தபோது அவர் கேட்டது வேறு.

"அப்ப இந்தக் கோணல்?"

மணிக்கடைக்காரம்மா துண்டைக் கண்ணுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா இப்படிப் போடமாட்டாங்களே," என்றாள் கடைசியில், தனக்குத்தானே சொல்வதுபோல.

நோட்டை எடுத்துப் பக்கத்தைத் திருப்பினாள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கிழமை வாரியாக இருந்தது. புதன் பன்னிரண்டு. வியாழன் நாலு. வெள்ளி இரண்டு. சனி ஒன்று. ஞாயிறு ஒன்று. புதன் என்கிற எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஞாயிறு நோட்டின் கோட்டிலிருந்து கீழே சரிந்திருந்தது.

அதற்கடுத்த நாள்தான் திங்கட்கிழமை.

"அவசரத்துல போட்டிருப்பாங்கண்ணே," என்றாள் மணிக்கடைக்காரம்மா. யாரும் நம்பாத ஒன்றைச் சொல்லிவிட்ட கூச்சத்தோடு கொக்கியைத் தட்டில் வைத்துவிட்டு, அக்காவின் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. லேத்காரர் அதை அணைத்தார்.

தெருவில் போகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டே 'இதோட பேரிங் ரெண்டு நாள்ல போயிடும்' என்று சொல்கிற மனிதர் அவர். சொன்னால் சொன்னபடி போகும். பட்டறையில் பந்தயம் கட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை. இதே தட்டு, இதே நாற்காலி. 'என்னங்க, ஊசியில நூலே கோக்க முடியல. கை என்னுது இல்லாத மாதிரி இருக்கு' என்றாள் அவள். இவர் வாங்கி ஒரே முயற்சியில் கோத்துக் கொடுத்தார். 'எனக்கு இருக்கற கண்ணு உனக்கு இல்ல பாரு' என்று பெருமையும் அடித்துக்கொண்டார். போய் டிவி முன்னால் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கறுப்பு டப்பா அவள் கையிலிருந்து நழுவித் தரையெல்லாம் மணி. அவள் குனிந்து பொறுக்கிக்கொண்டே வந்தாள். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாற்காலிக்கு அடியில் அவள் கையை விடட்டும் என்று காலைத் தூக்கிக்கொண்டார். ஆமாம். காலைத் தூக்கிக்கொண்டார். அவ்வளவுதான் அன்று அவர் செய்த உதவி.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "முன்னாடி ஏதாவது தெரிஞ்சுதா? கை மரத்துப்போறது, தடுமாற்றம், அந்த மாதிரி?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர். நல்லாத்தான் இருந்தா. திடீர்னுதான்."

பாப்பா பக்கத்திலேயே நின்றாள். அதைக் கேட்டுத் தலையாட்டினாள். நாலு மாதமாக எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள், பாவம். 'ஒரு அறிகுறியும் இல்ல, எங்கப்பா கூடவே இருந்தாரு, இருந்திருந்தா அவரு கண்ணுலயிருந்து தப்பாது.'

லேத்காரர் மூடியில் கிடந்த நாலு கறுப்பு மணிகளைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வரி. அவள் கை கடைசியாகப் போட்டது. அதை இவர் கையாலேயே பிரித்துப் போட்டாயிற்று. அவள் 'இருங்க, இருங்க' என்று கத்தக் கத்த, பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டுப் பிரித்தார். இத்தனை நாளில் அந்தச் சொல்லை அவள் அர்த்தத்தோடு சொன்னது இன்று காலையில்தானோ? இல்லை, எப்போதுமே அர்த்தத்தோடுதான் சொன்னாளோ?

"இந்தாம்மா," என்றார் அவள் பக்கம் திரும்பாமல். "நான் திரும்பப் போட்டுடறேன். இருந்த மாதிரியே போட்டுடறேன்."

ஊசியை எடுத்தார். மணி நாலரை. ஒன்றை எடுத்தார், ஒன்றை விட்டார், ஒன்றில் நுழைந்தார். கறுப்பு எந்த இடத்தில் இருந்தது? இடப்பக்கமா, நடுவிலா? அடுத்தடுத்தா, தள்ளித் தள்ளியா? கழற்றும்போது பார்த்தார்தானே, ஏன் ஞாபகம் வரவில்லை? ஒரு வரி போட்டு வெர்னியரால் அளந்தார். கோணல்தான், ஆனால் அவள் கோணல் இல்லை. பிரித்தார். மறுபடி போட்டார். அவருடைய கோணல் வேறு மாதிரி இருந்தது, முரட்டுக் கோணல். அவளுடையது அப்படி இல்லை, ஒவ்வொரு மணியிலும் நேராகப் போகப் பார்த்திருக்கிறாள். அதை எப்படித் திரும்பப் போடுவது? யாரைக் கேட்பது?

ஐந்தே முக்காலுக்கு மறுபடி பிரித்தார். பதினாறில் வந்து நின்றது. கண்ணாடி நனைந்து ஒன்றும் தெரியவில்லை. சட்டை முனையால் துடைத்துக்கொண்டார்.

ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

பாப்பா ஒரு தோள்பையோடும், ஒரு காலிப் பெட்டியோடும் வந்தாள். அது காலிப் பெட்டிதான் என்று தூக்கின விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. நேரே அம்மாவிடம் போனாள். நெற்றியில் முத்தம் கொடுத்தாள். கையோடு நாடி பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கினாள். தலைமுடி சீவியிருந்தது. துணி சுத்தமாக இருந்தது. மருந்து டப்பாவில் இன்றைய கட்டம் காலியாக இருந்தது.

"பரவால்லையே அப்பா," என்றாள். முகம் தளர்ந்தது. "நான் என்னமோ நெனச்சுட்டு வந்தேன். நல்லாத்தான் வெச்சிருக்கீங்க."

லேத்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

"இதென்ன? அந்த மாலையா!" தட்டை அம்மாவின் நாற்காலியோரம் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள். "யாரு, நீங்களா போடறீங்க? இந்த வெரல வெச்சுக்கிட்டா? அப்பா!" சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. "அம்மா, பாத்தீங்களா உங்க வீட்டுக்காரர?"

"இருங்க," என்றாள் அம்மா.

"எதுவரைக்கும் அம்மா போட்டது? எங்கேருந்து நீங்க?"

கேட்டது சாதாரணமாகத்தான். லேத்காரர் துண்டைப் பார்த்தார். காலிப் பெட்டியைப் பார்த்தார். ஆள்காட்டி விரலை, புதன்கிழமை முடிகிற இடத்தில், நேர் போய் நெளிவு தொடங்குகிற இடத்தில் வைத்தார்.

"இதுவரைக்கும் அம்மா," என்றார். "இந்தக் கோணல் பூரா என்னுது."

"அதானே பாத்தேன்!" என்றாள் பாப்பா. "அம்மா கை இப்படி..."

அம்மாவின் இடது கை நாற்காலியிலிருந்து எழுந்தது. மெதுவாக, தட்டுத் தடுமாறி, அவர் விரலைப் பிடித்தது. அது இருந்த இடத்திலிருந்து அதை நகர்த்தியது. நெளிவின் மேலேயே இழுத்துக்கொண்டு போய், கடைசி மணியில், நூல் தொங்குகிற இடத்தில் வைத்தது. வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டது.

பிறகு அதே கை, மூடியில் கிடந்த நாலு கறுப்பு மணிகளை மகளின் பக்கம் தள்ளியது.

பாப்பாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அவள் பக்கவாத வார்டு நர்ஸ், அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நோட்டு திறந்தே கிடந்தது. அதை இழுத்துப் படித்தாள். பன்னிரண்டு, நாலு, இரண்டு, ஒன்று, ஒன்று. சரிந்து கிடந்த ஞாயிற்றுக்கிழமையை விரலால் தொட்டாள்.

"இது எந்த வாரம்பா?"

அவர் கறுப்பு மணிகளையே பார்த்தார்.

"அப்பா. அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப ஒண்ணுமே இல்லன்னு சொன்னீங்களே."

"ஊசி கோக்க முடியலன்னு சொன்னாம்மா." குரல் அவருக்கே கேட்கவில்லை. "வியாழக்கிழமையே சொன்னா. நான்தான் கோத்துக் குடுத்தேன்."

"நாலு நாள்." பாப்பா எழுந்து நின்றாள். "நாலு நாள் இருந்துதுப்பா. ஒரு போன் பண்ணியிருந்தா நான் ஓடி வந்திருக்க மாட்டேனா?"

"எனக்குத் தெரியலம்மா. சத்தியமா இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

"அதான்பா. தெரியலங்கறதுதான்." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஹேங்கர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

லேத்காரர் ஓடிப்போய்த் தடுக்கலாம் என்று எழப் பார்த்தார். காலில் விழுந்தாவது கேட்கலாம். இனிமேல் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன், ராத்திரி பகல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். அதைச் சொல்ல இனி எந்த முகம் இருக்கிறது?

"அம்மாவோட ஸ்வெட்டர் எங்கப்பா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அழுத குரல்.

மேல் தட்டில். அவருக்குத் தெரியும். எடுத்துக் கொடுக்க எழுந்தார்.

சட்டைக் கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். இடது கை. அத்தனை பலம் அந்தக் கையில் இருப்பது அவருக்கு இதுவரை தெரியாது. அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா? எட்டு நாள் புரிந்ததுபோல நடித்தவருக்கு இப்போது நடிக்கவும் முடியவில்லை.

"இருங்க," என்றாள்.

"அப்பா, ஸ்வெட்டர்!"

லேத்காரர் எழுந்திருக்கவில்லை. அவள் பக்கத்திலேயே இருந்தார்.